கண்ணாடி மூலையில் ஒரு புள்ளி

ஈப்போவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அப்பா ஓட்டிய 1964 மோரிஸ் மைனரைப் பழையபடி ஓடவைக்கும் முயற்சியில் இருக்கிறாராம். கண்ணாடிகளின் மூலையில் ‘டிரிப்ளெக்ஸ்’ என்று முத்திரை. அதில் ஏதோ ஓர் எழுத்துக்கு அடியில் மட்டும் ஊசிமுனை அளவு புள்ளி. அது அச்சுப் பிழையா, கண்ணாடியின் குறையா என்பது அவர் கேள்வி.

இரண்டும் இல்லை. அது தேதி.

எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் பார்த்துப் பழைய கார் வாங்குகிறவர்கள் கண்ணாடியை விட்டுவிடுவார்கள். ஆனால் அதற்கும் பிறந்த ஆண்டு உண்டு. அமெரிக்காவின் லிபி-ஓவன்ஸ்-ஃபோர்டு கம்பெனி இரண்டு எழுத்தில் குறித்தது: மாதத்துக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒன்று. ஜனவரிக்கு ‘என்’, பிப்ரவரிக்கு ‘எக்ஸ்’ என்று அகரவரிசைக்குக் கட்டுப்படாத சங்கேதம் அது. அட்டவணை கையில் இல்லாமல் படிக்க முடியாது.

பிரிட்டனின் டிரிப்ளெக்ஸ் செய்ததுதான் எனக்குப் பிடித்த குறும்பு. சூடேற்றிச் சட்டென்று காற்றடித்துக் குளிரவைத்த கண்ணாடி என்றால் முத்திரையில் ‘டஃபண்ட்’ என்றிருக்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவே படலம் வைத்து ஒட்டியது என்றால் ‘லேமினேட்டட்’. ஆங்கிலத்தில் இரண்டுக்குமே (TOUGHENED, LAMINATED) ஒன்பது எழுத்து. எத்தனையாவது எழுத்துக்கு அடியில் புள்ளியோ, ஆண்டின் கடைசி இலக்கம் அது. புள்ளியே இல்லையென்றால் பூஜ்யம். தனி எண் எதுவும் பொறிக்காமல் காரியத்தை முடித்துவிட்டார்கள்!

வாசகர் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாமே டஃபண்ட். கதவுக் கண்ணாடிகளில் புள்ளி ‘யு’வுக்குக் கீழே, மூன்றாவது எழுத்து, 1963. காருக்குச் சரியாகப் பொருந்துகிறது. முன்கண்ணாடியில் ‘இ’க்குக் கீழே. இங்கேதான் ஏமாறுவோம், அந்தச் சொல்லில் ‘இ’ ஆறாவது இடத்திலும் வருகிறது, எட்டாவது இடத்திலும் வருகிறது. இவருடையது எட்டாவது. அப்படியானால் 1968, இல்லையென்றால் 1978. எந்தப் பத்தாண்டு என்று புள்ளி சொல்லாது. எப்படியும் முன்கண்ணாடி ஒருமுறை மாறியிருக்கிறது.

எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் கையில் வாங்கிய வக்கீல், சொத்து விவரத்துக்குப் போகுமுன் முத்திரைத்தாள் விற்ற தேதியைத்தான் பார்த்தார். தாள் பத்திரத்துக்கு முந்தியதாக இருக்க வேண்டும். கண்ணாடிக்கும் காருக்கும் அதே கணக்குதான்.

இந்தக் கணக்கு தெரிந்ததால்தான் மோசடியும் வந்தது. பழைய கார் போட்டிகளில் முத்திரைக்கு மதிப்பெண் உண்டு என்பதால், புதுக் கண்ணாடியில் ஸ்டென்சில் ஒட்டி, அரிக்கும் பசை தடவியோ மணல் பீய்ச்சியோ பழைய தேதியைப் பொறித்துத் தருகிறார்கள். தேதியோடு நின்றால் ஆசை என்று விட்டுவிடலாம், விற்கும்போது அதைச் சொல்லிவிட்டால். வகையையும் சேர்த்துப் பொய்யாக எழுதினால் அது உயிரோடு விளையாட்டு. லேமினேட்டட் கண்ணாடி கல்லடிபட்டால் விரிசல் விட்டாலும் படலத்தோடு நிற்கும். டஃபண்ட் ஒரு நொடியில் முழுக்க நொறுங்கி, எதிரே சாலையே தெரியாமல் போகும். அமெரிக்க முத்திரைகளில் வரும் ‘ஏஎஸ்-1’ என்ற குறி முன்கண்ணாடிக்குத் தகுதியானது என்பதற்கான உறுதிமொழி. அதை அழகுக்காகப் பொறிக்கிறவரை எந்தப் பட்டறையிலும் சேர்க்கக் கூடாது என்பேன்.

கீறல் விழுந்த அசல் கண்ணாடியை, பளபளப்பு போதவில்லை என்று உடைத்துப் போடுகிறவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு.

வாசகருக்கு என் யோசனை: கதவுக் கண்ணாடிகளைத் தொடாதீர்கள். காரைத் தினமும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் முன்புறம் லேமினேட்டட் போடுங்கள். அதன் முத்திரை இன்றைய தேதியையே சொல்லட்டும். பழையதைக் கம்பளியில் சுற்றி நிமிர்த்தி வையுங்கள், படுக்கப்போட வேண்டாம். கழற்றும்போது ரப்பரைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். இறுகிப்போன ரப்பரோடு மல்லுக்கட்டினால் கண்ணாடிதான் போகும். வெளிப்பக்க விளிம்பைப் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு, உள்ளேயிருந்து இரண்டு கையாலும் மெதுவாகத் தள்ளுங்கள். வெளியே பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். மைனருக்குப் புது ரப்பர் இன்றும் விலைக்குக் கிடைக்கிறது.