இடியப்ப உரலும் மூன்றாம் இலக்கமும்

பேராதனையில் விடியற்காலை இடியப்பம் பிழிகிற எந்தக் குசினியிலும் றகர் ஸ்க்ரமின் பாதிப் பாடம் கிடைக்கும். உரலில் மாவை அடைத்து, மேல்கட்டையை வைத்து, உடம்புப் பாரத்தை இரண்டு கையிலும் இறக்குகிறோம். கட்டை நேராக நின்றால் தட்டில் நூல் நூலாக விழும். சற்றுச் சரிந்தாலும் மா பக்கத்தால் மேலே பிதுங்கும். கை வலித்ததுதான் மிச்சம்.

கனடாக் கால்பந்தில் தற்காப்பு முன்வரிசைக்காரர் பந்துக்கு ஒரு யார் தள்ளி நின்று, பந்து அசைந்ததும் பாய்ந்து மோதுவார். அவருக்குக் கண்டியில் உறவு தேடினால் றகர் முன்வரிசையின் புரொப்பைத்தான் காட்டலாம். நம்மவர் முதலில் பிடிப்பார், பிறகு பிழிவார்.

உரலைப் பொருத்துதல்

பந்துக்காக இரு அணிகளும் குனிந்து தள்ளும் ஸ்க்ரமில் பக்கத்துக்கு எட்டுப் பேர். முன்னால் மூவர்: இரு ஓரங்களிலும் புரொப், நடுவில் ஹூக்கர். நடுவர் ‘குரௌச், பைண்ட், செட்’ என்பார். குனி, பிடி, சேர். 2013இல் வந்த ஒழுங்கு இது. எதிராளியின் சட்டையைப் பிடித்த பிறகே சேர்வதால் மோதலின் வேகம் தணிந்தது.

பாரம் இறங்கும் வழி

பின்னாலுள்ள ஐவரின் தள்ளலும் முன்வரிசையின் முதுகு வழியாகத்தான் போகும். அதுதான் மேல்கட்டை. தோள் இடுப்பை விடத் தாழ்ந்தால் ஸ்க்ரம் சரியும், நடுவர் விசில் ஊதுவார். முதலாம் இலக்கப் புரொப்புக்கு இடது தோள் வெளியே சும்மா இருக்கும். மறு ஓரத்துப் புரொப்பான மூன்றாம் இலக்கத்தின் தலையோ எதிரணிப் புரொப்புக்கும் ஹூக்கருக்கும் நடுவில். இரண்டு தோளிலும் பாரம். ஆகவே ஆளின் நிறை மட்டும் போதாது. எவ்வளவு பலமாக அழுத்தினாலும் கோணலான கட்டை மாவைப் பிதுக்கத்தான் செய்யும்.

மழை நாளில் வேலை கூடும். நனைந்த பந்து கைநழுவி முன்னே விழும். விழுந்தால் பெரும்பாலும் ஸ்க்ரம். சேற்றில் கால் வழுக்கினால் கட்டையும் சரியும்.

மாவின் பதம்

புரொப்பின் வாழ்க்கை பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது. 1891இல் கிங்ஸ்வூட் கல்லூரியை நிறுவிய எல். ஈ. பிளேஸ்தான் இலங்கைப் பள்ளிகளுக்கு றகரைக் கொண்டுவந்தவர். 1945 முதல் கண்டி ட்ரினிட்டியும் கொழும்பு றோயலும் பிராட்பி கேடயத்துக்கு மோதுகின்றன. ஆனால் 19 வயதுக்குட்பட்டோர் ஸ்க்ரமில் ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளக் கூடாது. கழுத்தும் முதுகும் இன்னும் பதப்படவில்லை. வறுக்காத மாவில் இடியப்பம் நிற்காது.

பள்ளி முடிந்தவர் பல்கலைக்கழக அணிக்கோ, நித்தவெலயில் ஆடும் கண்டி விளையாட்டுக் கழகத்துக்கோ போவார். பதம் மெல்லத்தான் வரும். எதிராளி உள்நோக்கித் திருகுகிறானா, கீழே இழுக்கிறானா என்பதைத் தோள் தானே உணர வருடங்கள் ஆகும். அதனால் ஓரத்தில் ஓடுகிறவரின் வேகம் குறையத் தொடங்கும் வயதில்தான் பல புரொப்கள் தேறி வருகிறார்கள். இந்த வேலைக்குப் பழகாதவரை அங்கே நிறுத்தவும் விதி விடாது. பழகிய மாற்றாள் இல்லாவிட்டால், இரு அணிகளும் தள்ளாமலே ஸ்க்ரம் நடத்த வேண்டும்.

அடுத்த முறை நித்தவெலக்குப் போனால், ஸ்க்ரம் கூடும்போது பந்தைத் தேடாதீர்கள். மூன்றாம் இலக்கத்தின் முதுகைப் பாருங்கள். அதன்மேல் இடியப்பத் தட்டொன்றை வைத்தால் வழுக்காமல் நிற்குமா? நிற்குமென்றால் அந்தப் பக்கத்துப் பிழிசல் சரி.