செகண்ட்ஸில் ஹைபிரிட் கார்: அந்த ‘8 வருட பேட்டரி வாரன்டி’யில் உங்களுக்கு மிச்சம் எவ்வளவு?

“பேட்டரியப் பத்திக் கவலையே படாதீங்கண்ணே, எட்டு வருசம் வாரன்டி இருக்கு!” மதுரை பைபாஸ் ரோட்டிலோ கே.கே.நகரிலோ செகண்ட்ஸ் ஹைபிரிட் கார் பார்க்கப் போனால் இந்த வசனத்தைக் கேட்காமல் திரும்ப முடியாது. சொல்வது பொய் இல்லை. ஆனால் பாதிதான் சொல்கிறார்கள்.

மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், ஹோண்டா சிட்டி இ:எச்இவி, இன்னோவா ஹைகிராஸ் என்று இன்று நம் ரோட்டில் தெரியும் ஹைபிரிட் கார்களில் பெரும்பாலானவை 2022-ல் அறிமுகமானவை. அவற்றின் ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரன்டி. இரண்டில் எது முதலில் வருகிறதோ, அதோடு கணக்கு முடிந்தது. ஆண்டுக் கணக்கு தொடங்குவது முதல் ஓனர் ஷோரூமில் வாங்கிய தேதியிலிருந்து, நீங்கள் வாங்கும் நாளிலிருந்து இல்லை.

ஹைபிரிட்டுக்குக் கூடுதலாக சில லட்சம் கொடுத்து வாங்கியவர்கள் யார்? அதிகம் ஓட்டுகிறவர்கள். வாரம் ஒருமுறை காரிலேயே சென்னை போய் வருகிற மதுரைக்காரரை எடுத்துக்கொள்வோம். ஒரு வழி சுமார் 460 கி.மீ., போய் வர 920. வருஷத்துக்கு 48 ஆயிரம் கி.மீ.க்குப் பக்கம். அவர் 2022 அக்டோபரில் வாங்கிய கார் 2026 பிப்ரவரிவாக்கில் 1.6 லட்சத்தைத் தொட்டுவிடும். தேதிப்படி 2030 அக்டோபர் வரை இருக்க வேண்டிய வாரன்டி, நாலரை வருஷம் முன்னாடியே காலி.

அதனால் செகண்ட்ஸ் ஹைபிரிட்டில் முதலில் பார்க்க வேண்டியது மாடல் வருஷம் அல்ல, ஓடோமீட்டர். அதையும் அப்படியே நம்பக்கூடாது. வண்டி நம்பரையோ சேசிஸ் நம்பரையோ வைத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்கள். கடைசி சர்வீஸில் 1.3 லட்சம் என்று பதிவாகியிருக்கிற கார், யார்டில் 80 ஆயிரம் காட்டினால் அந்த இடத்திலேயே நடையைக் கட்டலாம். ஓனர் மாறிய பிறகும் பேட்டரி வாரன்டி தொடருமா, வாடகை வண்டியாக ஓடியிருந்தால் செல்லுமா என்பதையும் சேசிஸ் நம்பர் குறிப்பிட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். மெயிலில் வரும் ஒரு வரி பதில் போதும். வாயால் சொல்வது பின்னால் உதவாது.

எல்லா ஹைபிரிட்டும் ஒன்றல்ல

விளம்பரத்தில் ‘ஹைபிரிட்’ என்று போட்டிருப்பதெல்லாம் ஒரே சாமான் கிடையாது. 2015-ல் வந்த சியாஸ், எர்டிகா டீசலின் ‘எஸ்எச்விஎஸ்’ மைல்ட் ஹைபிரிட் வகை. சிக்னலில் இன்ஜினை அணைத்து எழுப்புவது, புறப்படும்போது லேசாகத் தள்ளிவிடுவது, அவ்வளவுதான் அதன் வேலை. மோட்டாரில் மட்டும் கார் நகராது. வழக்கமான ஸ்டார்ட்டரும் இருப்பதால், ஹைபிரிட் பக்கம் மக்கர் செய்தாலும் வண்டி நடுரோட்டில் நிற்கும் ஆபத்து குறைவு. சியாஸ் பெட்ரோலில் 2018 முதல் ஒரு குட்டி லித்தியம் பேட்டரியும் சேர்ந்தது. அதன் நிலையை மட்டும் சர்வீஸ் சென்டரில் ஒருதடவை பார்த்துக்கொண்டால் போதும்.

ஸ்ட்ராங் ஹைபிரிட் கதையே வேறு. குழப்பம் என்னவென்றால், கிராண்ட் விட்டாராவும் ஹைரைடரும் இரண்டு வகையிலும் வருகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது. ஒரு எளிய வழி இருக்கிறது. கிளட்ச், கியர் உள்ள வண்டி என்றால் அது மைல்ட்தான். ஸ்ட்ராங் வகையில் மேனுவல் கியரே கிடையாது; ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் இன்ஜின் சத்தம் இல்லாமல் டேஷ்போர்டில் ‘ரெடி’ என்று மட்டும் எரியும். டிக்கியைத் திறந்தால் தரை உயர்ந்து இடம் சுருங்கியிருக்கும். பேட்டரி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

“பேட்டரி போனா பெட்ரோல்ல ஓட்டிக்கலாம்”... முடியாது

இதுதான் ஹைபிரிட் பற்றி அதிகம் பரவியிருக்கும் தவறான நம்பிக்கை. டொயோட்டா முறை ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் தனியாக ஸ்டார்ட்டர் மோட்டாரே இல்லை. இன்ஜினைச் சுற்றிக் கிளப்புவதே ஹைபிரிட் பேட்டரியில் ஓடும் மோட்டார்தான். பேட்டரி பலவீனமானால் முதலில் மைலேஜ் குறையும், இழுவை குறையும், வார்னிங் லைட் வரும். முழுசாகப் படுத்துவிட்டால் டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தாலும் கார் கிளம்பாது. டோ வண்டிதான்.

அளவில் இந்த பேட்டரி ரொம்பச் சின்னது. ஹைரைடரில் இருப்பது 0.76 கிலோவாட் ஹவர். பழைய நெக்ஸான் இவியில் இருந்த 30.2-ல் நாற்பதில் ஒரு பங்கு. ஆனால் கோரிப்பாளையம் சிக்னலைத் தாண்டுவதற்குள்ளேயே பலதடவை ஏறி இறங்கும். முழுசாக நிரம்பவோ முழுசாகக் காலியாகவோ விடாமல், நடுவில் ஒரு எல்லைக்குள்ளேயே கம்ப்யூட்டர் வைத்துக்கொள்வதால்தான் இத்தனை வருஷம் தாங்குகிறது. ஹைரைடர், கிராண்ட் விட்டாரா, சிட்டி ஆகியவற்றில் லித்தியம் அயான். ஹைகிராஸிலும் பழைய கேம்ரி, பிரியஸ் கார்களிலும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு.

2013-ல் வந்த கேம்ரி ஹைபிரிட்டின் பேட்டரிக்குள் 34 மாட்யூல்கள், மொத்தம் 204 செல்கள் வரிசையாகக் கோத்திருக்கின்றன. ஏறக்குறைய 245 வோல்ட். இதில் ஒரே ஒரு செல் சோர்ந்துபோனாலும் மொத்த வரிசையும் அதன் வேகத்துக்குத்தான் நடக்கும். பெங்களூரு, டெல்லி நம்பரோடு வரும் பழைய கேம்ரி ஹைபிரிட் ஒரு புது ஹேட்ச்பேக் விலைக்குக் கிடைப்பதன் ரகசியமும் இந்த பேட்டரி பயம்தான்.

வெயிலும் சீட் கவரும்

பேட்டரிக்கு முதல் எதிரி சூடு. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், மாட்டுத்தாவணிப் பக்கம் வெட்டவெளியில் நாள் முழுக்க நின்ற காருக்குள் எவ்வளவு கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காற்றால் குளிரூட்டப்படும் பேட்டரிகள், பயணிகள் இருக்கும் பகுதியிலிருந்தே ஏசி காற்றை ஃபேன் வைத்து உறிஞ்சிக்கொள்கின்றன. பல மாடல்களில் அந்தக் காற்றுத்துளை பின் சீட்டுக்குக் கீழேயோ பக்கத்திலோ இருக்கும்.

நம்ம ஊர் பழக்கம் அங்கேதான் வேலையைக் காட்டுகிறது. கார் வாங்கிய மறுநாளே சீட் கவர், அதோடு ஓரம் வரை ஏறி நிற்கும் ‘7டி’ மேட். தைப்பவருக்கு அது காற்றுத்துளை என்று தெரியாது, மூடிவிடுவார். திருமங்கலம், பேரையூர் பக்கம் கரிசல் புழுதியில் ஓடிய வண்டி என்றால், மூடாவிட்டாலும் அந்த ஃபில்டர் தூசியால் அடைத்திருக்கும். மூச்சு முட்டும் பேட்டரி சூட்டிலேயே வெந்து சீக்கிரம் சாகும். பின் சீட்டில் நீங்களே குனிந்து, மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு நிமிஷ வேலை இது. முந்தைய ஓனர் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

தண்ணீர் இரண்டாவது எதிரி. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் மூழ்கின. 2024 அக்டோபரில் செல்லூரில் வெள்ளம் புகுந்தது. டிக்கித் தரைக்குக் கீழே பேட்டரி இருக்கும் கார் அதில் சிக்கியிருந்தால், வெளியே பாலீஷ் போட்டு மினுக்கலாம், உள்ளே அரிப்பு தொடர்ந்துகொண்டே இருக்கும். டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, அடிநுனியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரமும் கேளுங்கள்.

கடலுக்கு அங்கிட்டு என்ன நடந்தது?

நமக்குப் புதுசாகத் தெரியும் இந்தப் பிரச்சினையில் இலங்கை ஏற்கெனவே நன்றாக அடிபட்டுத் தேறிய நாடு. வரிச்சலுகையால் ஜப்பானிலிருந்து பயன்படுத்திய பிரியஸ், அக்வா, வெசல் கார்கள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் அங்கே குவிந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பிப்ரவரியில். இடையில் 2022-ல் பெட்ரோலுக்கு கியூஆர் கோடு வைத்து, காருக்கு வாரம் 20 லிட்டர் என்று அளந்து கொடுத்த காலத்தில், ஹைபிரிட் வைத்திருந்தவர்களால் அதை விற்கவும் மனசு வரவில்லை, புதுசு வாங்கவும் முடியவில்லை. வயதான பேட்டரியைக் காப்பாற்றி ஓட்டுவதே வழி.

அதனால் ‘பற்றரி’ சோதிப்பது, (யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் எழுதுவார்கள்), மாட்யூல் மாற்றுவது எல்லாம் அங்கே ஒரு தொழிலாகவே வளர்ந்தது. விற்கும்போது ஸ்கேன் ரிப்போர்ட் காட்டுவது சகஜமாகிவிட்டது. நம்மூர் யார்டுகளில் அந்த வழக்கம் இன்னும் வரவில்லை. கேட்டு வாங்க வேண்டியது நம் பொறுப்பு.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். “நீங்க வர்றீங்கன்னு வண்டியை ஓட்டி ரெடியா வச்சிருக்கேன் தம்பி” என்றால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லலாம். சூடான வண்டி பல நோயை மறைக்கும். ஏசி போட்டு, ஒரு முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள்: நகருக்குள் நெரிசலில் கொஞ்சம், பிறகு நத்தம் மேம்பாலம் ஏறி வேகமாகக் கொஞ்சம். திரையில் பேட்டரி அளவு நிதானமாக ஏறி இறங்கினால் நல்லது. ரெண்டு நிமிஷத்தில் மேலே, அடுத்த ரெண்டு நிமிஷத்தில் கீழே என்று தாவினால் செல்கள் களைத்துவிட்டன என்று அர்த்தம். பின் சீட்டிலிருந்து ஃபேன் ஓயாமல் இரைவதும், நின்றிருக்கும்போது இன்ஜின் அடிக்கடி கிளம்புவதும் அதே குடும்பத்து அறிகுறிகள்.

வார்னிங் லைட் எரியவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஸ்கேனரில் எரரை அழித்துவிட்டு வண்டியைக் காட்டுவது ரொம்பப் பழைய தந்திரம். ஆனால் கடைசியாக எரர் அழிக்கப்பட்ட பிறகு எத்தனை கி.மீ. ஓடியிருக்கிறது என்பதையும் கார் கம்ப்யூட்டர் தனியாகக் குறித்துவைத்திருக்கும். ஓபிடி ஸ்கேனரில் அது ‘12 கி.மீ.’ என்று காட்டினால், ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஸ்கேன் எடுங்கள். செல்களுக்கு இடையே வோல்டேஜ் வித்தியாசம் எவ்வளவு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அந்தச் செலவை நீங்களே கொடுப்பதாகச் சொல்லியும் விற்பவர் மறுத்தால், ரிப்போர்ட் வந்த மாதிரிதான்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

சேசிஸ் நம்பர் சொல்லி, பார்ட்ஸ் கவுண்டரில் புது பேட்டரியின் விலையை லேபரோடு சேர்த்துக் கேளுங்கள். இப்போது பெட்ரோல் மிச்சத்தைப் பாருங்கள். நிஜ ஓட்டத்தில் ஹைபிரிட் 22, அதே அளவு பெட்ரோல் ஆட்டோமேட்டிக் 14 கி.மீ. தருகிறது, லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் மிச்சம் சுமார் 2,600 ரூபாய். ஐந்து வருஷத்தில் ஒன்றரை லட்சம் சொச்சம். மாதம் 400 கி.மீ.தான் ஓட்டம் என்றால் ஐந்து வருஷத்திலும் 62 ஆயிரம்தான் தேறும். வாரன்டி முடிந்த காருக்கு, கவுண்டரில் சொன்ன விலை இந்தத் தொகையைத் தாண்டினால், அந்த வித்தியாசத்தைக் கார் விலையில் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசலாம். படியவில்லை என்றால் சாதாரண பெட்ரோல் காரே லாபம். வழக்கமான இன்சூரன்ஸும் தேய்மானத்தால் போகும் பேட்டரிக்குப் பணம் தராது.

“ஒரு மாட்யூல மட்டும் மாத்திட்டா போதும் சார், கம்மியில முடிஞ்சிரும்” என்றும் ஆலோசனை வரும். முடியும், ஆனால் பத்து வருஷம் உழைத்த 33 மாட்யூல்களுக்கு நடுவில் ஒரு புதுசு பொருந்தி வராது. சில மாதத்தில் அடுத்தது படுக்கும், பிறகு அதற்கடுத்தது. விற்பதற்கு முன் தற்காலிகமாக ஒட்டுப்போட இதே வழியைப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. எல்லாவற்றையும் சோதித்து, ஒரே திறன் உள்ளவற்றை ஜோடி சேர்த்துச் செய்யும் கடை என்றால் ஓரளவு நம்பலாம். எழுத்தில் கேரண்டி கேளுங்கள். ஆரஞ்சு நிற வயரை மட்டும் தெரு முனை மெக்கானிக் தொட விடாதீர்கள். அது உயிரைப் பறிக்கும் மின்சாரம்.

வாங்கியாச்சு, ஒருநாள் காலையில் கார் ‘ரெடி’க்கே வரவில்லை என்றால் உடனே பதறவும் வேண்டாம். ஹைபிரிட்டிலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று தனியாக உண்டு. கம்ப்யூட்டர்களை எழுப்புவது அதுதான். ஊருக்குப் போய் மூன்று வாரம் நிறுத்திவிட்டு வந்தால் அது இறங்கியிருக்கும். சில ஆயிரம் ரூபாய் விஷயம். ‘ஹைபிரிட் பேட்டரி போச்சு’ என்று யாராவது எஸ்டிமேட் போடுவதற்கு முன், அந்தப் பன்னிரண்டு வோல்ட்டை முதலில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.