யானை காண ஆபிரிக்கா வேண்டுமா?

ஒட்டகச்சிவிங்கியைக் காட்டில் காண ஆபிரிக்கா செல்லத்தான் வேண்டும். யானை காணக் கல்முனையிலுள்ள நமக்கு அத்துணைத் தொலைவு வேண்டியதில்லை. மேற்கே, 1954ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட கல்லோயாத் தேசியப் பூங்கா இருக்கின்றது. இங்கினியாகலையில் படகேறினால், சேனாநாயக்க சமுத்திரத்தில் யானைகள் தீவுக்குத் தீவு நீந்துவதைக் காணும் பேறு கிட்டலாம். தெற்கே பொத்துவில், பாணமை வழியே சென்றால் குமண வனம். அங்கே நீர்ப்பறவைகள் கூடு கட்டி வாழ்கின்றன. இரண்டிற்கும் ஏப்ரல் முதல் ஜூலை வரை ஏற்ற காலம்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில், ஊர்க் குப்பையோடு பிளாஸ்டிக்கையும் தின்று யானைகள் மடிந்த செய்தி 2022இல் உலகெங்கும் பரவியது. மிஞ்சிய சோற்றைப் பொலித்தீனில் கட்டி எறியாதிருப்போம். வனம் காணும் நமது ஆயத்தம் வீட்டுக் குப்பைக்கூடையிலேயே தொடங்கட்டும்!