ஏற்காட்டில் 'லேடீஸ் சீட்', மெரினாவில் 37 சீட்! ராணி மேரி கல்லூரி திறந்துவிட்ட கதவு எது தெரியுமா?

ஏற்காடு ட்ரிப் என்றால் எல்லோருடைய லிஸ்ட்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஏரியில் போட்டிங், லேடீஸ் சீட்டில் செல்ஃபி, சேர்வராயன் கோயில் குகையில் ஒரு கும்பிடு. நேரம் மிச்சமிருந்தால் ஆர்க்கிட் தோட்டம்.

அந்த ஆர்க்கிட் தோட்டத்தை 1963 முதல் நடத்திவருவது மத்திய அரசின் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம். சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-களின் தொடக்கத்தில், இந்த நிறுவனத்தைச் சீரமைக்கப் பிரதமர் நேரு அழைத்தது ஒரு பெண் விஞ்ஞானியை. அவர் பெயர் ஜானகி அம்மாள்.

அவரைப் பற்றி கூகுளில் தேடினால் குரோமோசோம் ஆராய்ச்சி, மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர் பட்டம், 1977-ல் பத்மஸ்ரீ என்று நிறைய வரும். நடுவில் ஒரே ஒரு வரி: 'சென்னை ராணி மேரி கல்லூரியில் படித்தார்'. பெரும்பாலும் நாம் ஸ்க்ரோல் செய்து கடந்துபோகும் அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எப்போது, எதற்காகத் தொடங்கினார்கள்?

1914 ஜூலை. மெட்ராஸில் அப்போதே மாநிலக் கல்லூரி இருந்தது. அங்கே பெண்களும் படிக்கலாம். குழந்தைப் பருவத்திலேயே கணவரை இழந்த சிஸ்டர் சுப்புலட்சுமி, 1911-ல் அங்கேதான் பட்டம் வாங்கினார். ஆனால் 'பசங்களோட ஒரே கிளாஸா?' என்று தயங்கிய குடும்பங்கள்தான் அதிகம். வெளியூர்ப் பெண் என்றால் தங்குவது எங்கே என்பது அடுத்த கேள்வி.

இரண்டுக்கும் பதிலாக மெரினா எதிரில் ஒரு பழைய கட்டடத்தில் அரசே பெண்களுக்கென்று கல்லூரி தொடங்கியது. முதல் முதல்வர் டோரதி டி லா ஹே. முதல் பேட்ச்சில் 37 மாணவிகள். சென்னை நகரின் முதல் மகளிர் கல்லூரி இதுதான். 1917-ல் 'ராணி மேரி' என்ற பெயர் வந்தது. டி லா ஹே 1936 வரை பொறுப்பில் இருந்தார். அடுத்த ஆண்டே, அதாவது 1915-ல், எலினார் மெக்டூகல் தலைமையில் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியும் தொடங்கியது.

யார் யார் படித்தார்கள்?

ஜானகி அம்மாள்: தலச்சேரிக்காரர். ராணி மேரியில் படித்துவிட்டு மாநிலக் கல்லூரியில் ஹானர்ஸ். கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். பயிர்களின் குரோமோசோம்களைத் தொகுத்து, சி.டி. டார்லிங்டனுடன் சேர்ந்து 1945-ல் புத்தகம் வெளியிட்டார்.

அ. லலிதா: 18 வயதில் கணவர் இறந்தபோது கையில் நான்கு மாதக் குழந்தை. ராணி மேரியில் இன்டர்மீடியட் (இன்றைய பிளஸ் டூ மாதிரி) முடித்து, கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். இந்தியாவின் முதல் பெண் இன்ஜினீயர்களில் ஒருவர். சான்றிதழில் 'ஹி' என்று அச்சாகியிருந்ததை அடித்துவிட்டு 'ஷி' என்று எழுதிக் கொடுத்தார்களாம்! பின்னாளில் பக்ரா நங்கல் அணையின் மின்கடத்தும் பாதைகளுக்கான வடிவமைப்பில் வேலை செய்தார்.

கேப்டன் லட்சுமி: ராணி மேரி முடித்து 1938-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். நேதாஜியின் படையில் ஜான்சி ராணி ரெஜிமென்ட்டுக்குத் தலைமை. 2002 ஜனாதிபதி தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து நின்றவர்.

சாரா சாக்கோ: லக்னோவின் இசபெல்லா தோபர்ன் கல்லூரி முதல்வர். உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தலைவர் பொறுப்புக்கு வந்த முதல் பெண்.

இதில் ஒரு விஷயம் கவனித்தீர்களா?

லலிதா இன்ஜினீயர் ஆனது கிண்டியில். லட்சுமி டாக்டர் ஆனது எம்.எம்.சி-யில். ராணி மேரியில் இன்ஜினீயரிங்கும் இல்லை, மருத்துவமும் இல்லை. கலை, அறிவியல் பாடங்கள் மட்டும்தான். ஆனால் ஸ்கூலுக்கும் அந்தப் பெரிய கல்லூரிகளுக்கும் நடுவில் ஒரு படி தேவைப்பட்டது. 'அங்கேன்னா போகலாம்' என்று வீடு சம்மதித்த படி அது. அது இல்லாமல் போயிருந்தால் மேலே உள்ள பட்டியலில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

படித்தவர்கள் ஆசிரியர்களாகவும் ஆனார்கள். ஜானகி அம்மாள் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் எடுத்தார். வானிலை விஞ்ஞானி அன்னா மணியும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் போகும் முன் சிறிது காலம் அதே கல்லூரியில் கற்பித்தவர்தான்.

ஒன்றையும் மறைக்க வேண்டாம். ஜானகியின் அப்பா சப் ஜட்ஜ். லலிதாவின் அப்பா பொறியியல் பேராசிரியர். லட்சுமியின் அப்பா பிரபல வக்கீல். அந்தக் காலத்தில் கதவு திறந்தாலும், அதுவரை நடந்துவர முடிந்தது இப்படிப்பட்ட வீட்டுப் பெண்களால்தான். எல்லா வீட்டுப் பெண்களும் வர இன்னும் பல வருடங்கள் ஆனது.

2003-ல் என்ன நடந்தது?

ராணி மேரி கல்லூரி இருக்கும் இடத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அன்றைய ஜெயலலிதா அரசு அறிவித்தது. கல்லூரியை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம் என்பது திட்டம். மாணவிகள் விடவில்லை. வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்து நாள்கணக்கில் போராடினார்கள். முன்னாள் மாணவிகளும் ஆசிரியர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆதரவு சொல்ல உள்ளே போன மு.க. ஸ்டாலின் கைதானார். கடைசியில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. தலைமைச் செயலகம் இன்றும் கோட்டையில்தான் இருக்கிறது. கல்லூரியும் கடற்கரையிலேயே இருக்கிறது.

'பில்டிங்தானே, வேற இடத்துல கட்டிக்கலாமே' என்று அப்போது சிலர் கேட்டார்கள். பஸ் வசதியுள்ள இடம், அரசுக் கல்லூரிக் கட்டணம், பழக்கமான பெயர். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் ஒரு பெண்ணின் வீட்டில் 'சரி' சொல்லவைப்பது இதெல்லாம்தான்.

சரி, இப்போ ஏன் இது முக்கியம்?

மறுபடி ஏற்காட்டுக்கே போவோம். சேர்வராயன் மலைக் கிராமத்துப் பெண் ஒருவர் பிளஸ் டூ முடித்தால், சேலத்தில் இருக்கும் அரசு மகளிர் கலைக் கல்லூரிக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். தினமும் போய்வருவதா, ஹாஸ்டலா? செலவுக்கு என்ன வழி? 1914-ல் மெட்ராஸில் கேட்ட அதே கேள்விகள். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் ₹1,000 தரும் 'புதுமைப் பெண்' திட்டம், 2022 செப்டம்பரில் சென்னை பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கப்பட்டதும் இந்தத் தடையை மனதில் வைத்துத்தான்.

அடுத்த முறை ஏற்காடு போனால் ஆர்க்கிட் தோட்டத்தையும் லிஸ்ட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை: உங்கள் வீட்டில் முதன்முதலில் காலேஜ் போன பெண் யார்? அம்மாவா, அத்தையா, அக்காவா? எந்தக் காலேஜ், யார் 'போ' என்று சொன்னார்கள் என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.