எஃகைத் தின்னும் ஆலை

செம்புத் தாதை மாவாக்கும் பால் மில் என்பது படுக்கவைத்த பெரிய இரும்பு உருளை. உள்ளே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எஃகு உருண்டைகள். உருளை சுற்றும்போது அவை சுவரோடு ஏறிச் சரிந்து விழுந்து, நீரில் கலந்த தாதை நொறுக்கும். வேகம் ஓர் எல்லையை மிஞ்சினால் சுவரோடு ஒட்டிக்கொண்டு சும்மா சுற்றும். ஆகவே அந்த எல்லைக்கு முக்கால் பங்கு வேகத்தில்தான் ஓட்டுவார்கள்.

நொறுக்கும் உருண்டையும் தேயும். டன் தாதுக்கு அரைக் கிலோ எஃகு போவது சாதாரணம். நாளுக்கு 50,000 டன் அரைக்கும் ஆலையில் அது 25 டன்! தேய்ந்து சிறுத்தவை சேற்றோடு வெளியேற, புதியவற்றைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இதில் கல் உரசியது எவ்வளவு, துரு தின்றது எவ்வளவு என்பது பொறியாளர்களிடையே நெடுநாள் வழக்கு. பிரித்துச் சொல்வது கடினம், இரண்டும் கூட்டாளிகள். எஃகின்மேல் படியும் படலம் மேற்கொண்டு அரிப்பை மட்டுப்படுத்தும். ஆலைக்குள் விழும் ஒவ்வோர் அடியும் அதைச் சுரண்டிப் புது உலோகத்தைத் திறந்துவிடும். தாதில் பைரைட் இருந்தால் இன்னும் மோசம். மின்சாரம் கடத்தும் அந்தக் கனிமம் எஃகைத் தொட்டதும் நீருக்குள் ஒரு மின்கலம் உருவாகிவிடும், கரைவது எஃகு. துருவுக்குத் தேவையான ஆக்சிஜனை விலக்க, காற்றுக்குப் பதில் நைட்ரஜனைச் செலுத்தி அரைத்த ஆய்வகச் சோதனைகளில் தேய்மானம் குறைந்திருக்கிறது. (உலர்வாகவே அரைக்கும் சிமென்ட் ஆலைக்கு இந்த வம்பு இல்லை.)

அரிப்பைக் குறைக்கச் சுண்ணாம்பு சேர்த்துக் காரத்தன்மையை ஏற்றலாம். குரோமியம் மிகுந்த வார்ப்பிரும்பு உருண்டை போடலாம். விலை கூடுதல், உயரத்திலிருந்து விழுந்தால் உடையவும் கூடும். கணக்குப் பிரிவு உருண்டை விலையோடு நின்றுவிடும். என் பார்வையில் பெரிய நஷ்டம் வேறிடத்தில். கரைந்த இரும்பு ஹைட்ராக்சைடாகிக் கனிமத் துகள்கள்மேல் பூசிக்கொள்கிறது. அடுத்த கட்டமான நுரை மிதப்பில், துகளின் பரப்பில் வேதிப்பொருள் பற்றினால்தான் அது காற்றுக்குமிழோடு மேலே வரும். பூச்சு மண்டிய துகள் கழிவோடு போய்விடும்.

ஆஸ்திரேலியாவின் மெக்ஆர்தர் ஆற்றில் 1955இல் கண்டுபிடித்த துத்தநாக, ஈயப் படிவு நாற்பது ஆண்டு கிடப்பில் கிடந்தது. அங்கே 7 மைக்ரான் அளவுக்கு அரைத்தால்தான் கனிமம் பிரியும். எஃகு உருண்டையால் அவ்வளவு நுணுக்கினால் மின்செலவும் தாங்காது, இரும்புப் பூச்சும் தொல்லை. மவுண்ட் ஐசா சுரங்கத்தார் 1990களில் உருவாக்கிய ‘ஐசாமில்’ என்ற ஆலை வழிவிட்டது; 1995இல் மெக்ஆர்தர் ஆற்றுச் சுரங்கம் திறந்தது. சுழலும் வட்டத்தகடுகள் கலக்கும் அந்த ஆலையில் எஃகு உருண்டைக்கு வேலையில்லை. மணல், உருக்காலைக் கசடு, அதே தாதின் பருமணிகள் என்று மலிவாகக் கிடைப்பதைப் போட்டே அரைக்கலாம்.