மடிக்கும் மிதிவண்டியும் கைப்பிடியின் உயரமும்

மாநகர அடுக்குமாடி வீடுகளில் மிதிவண்டியை நிறுத்த இடம் கிடைப்பது அரிது. மின்தூக்கியில் ஏற்றிச் செல்லவும் மேசைக்கு அடியில் வைக்கவும் ஏற்றவாறு அமைந்தது மடிக்கும் மிதிவண்டி. அதனை வாங்க வருவோர் நிறம், எடை, விலை, கியர்களின் எண்ணிக்கை ஆகியவற்றையே பெரும்பாலும் கேட்டறிவர். கைப்பிடி எவ்வளவு உயரத்தில் உள்ளது என்று கேட்போர் சிலரே. ஆயினும், சில நாள்கள் ஓட்டியபின் முதுகு வலிப்பதற்கும் மணிக்கட்டு மரத்துப்போவதற்கும் அந்த உயரமே பல வேளைகளில் காரணமாகிறது.

உடலும் உயரமும்

மிதிவண்டியில் அமர்ந்தவரின் எடையை இருக்கை, மிதிகட்டை, கைப்பிடி ஆகிய மூன்றும் பகிர்ந்து தாங்குகின்றன. கைப்பிடி தாழ்ந்திருந்தால் உடல் முன்னோக்கிச் சாயும். அப்போது எதிர்க்காற்றின் தடை குறையும். விரைந்து செல்ல எளிதாகும். ஆனால், எடையின் ஒரு பகுதி உள்ளங்கைகளின் மீது இறங்கும். சாலையைப் பார்க்கக் கழுத்தையும் நிமிர்த்த வேண்டியிருக்கும்.

கைப்பிடி உயர்ந்திருந்தால் உடல் நிமிர்ந்திருக்கும். நெரிசல் மிகுந்த தெருவில் முன்னே வருவதைத் தெளிவாகக் காணலாம். எனினும், எடையின் பெரும்பகுதி இருக்கையின் மீது விழுவதால், பள்ளங்களில் ஏற்படும் அதிர்ச்சி முதுகெலும்பை நேரே தாக்கும். எனவே, எல்லார்க்கும் பொருந்தும் உயரம் என ஒன்று இல்லை.

நீண்ட தண்டு ஏன்?

சாதாரண மிதிவண்டியின் சக்கரம் பெரியது. ஆகவே, கைப்பிடியைத் தாங்கும் தண்டு சில அங்குல நீளம் இருந்தாலே போதும். மடிக்கும் மிதிவண்டியின் சக்கரமோ பெரும்பாலும் 16 அல்லது 20 அங்குல அளவினது. சக்கரம் தாழ்ந்திருப்பதால், கைகள் எட்டும் உயரத்திற்குக் கைப்பிடியைக் கொண்டுவர ஏறத்தாழ ஒரு முழ நீளமுள்ள தண்டு தேவைப்படுகிறது. இத்தண்டின் அடியில் ஒரு கீலும், அதனை இறுக்கிப் பிடிக்கும் நெம்பும் உள்ளன. நெம்பைத் தளர்த்தினால் தண்டு பக்கவாட்டில் மடியும்.

நீண்ட கோலின் நுனியைத் தள்ளினால் அதன் அடி எளிதில் அசையும். இது நெம்புகோலின் விதி. அவ்வாறே, தண்டு நீள நீள, ஓட்டுநரின் கைகள் தரும் விசை அடியிலுள்ள கீலை மிகுதியாக வருத்தும். கீல் தளர்ந்திருந்தால் வண்டியின் போக்கு தடுமாறும். புறப்படும் முன் நெம்பு முழுவதும் பூட்டப்பட்டுள்ளதா என்று பார்ப்பது உயிரைக் காக்கும் வழக்கமாகும்.

இரு வேறு தீர்வுகள்

இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியாளர் ஆண்ட்ரூ ரிச்சி 1970களின் நடுப்பகுதியில், இலண்டனில் இருந்த தம் குடியிருப்பிலேயே ஒரு மடிக்கும் மிதிவண்டியை உருவாக்கத் தொடங்கினார். அவ்வீட்டின் எதிரே இருந்த பிராம்ப்டன் தேவாலயத்தின் பெயரே வண்டிக்கும் அமைந்தது. பிராம்ப்டன் வண்டியை மடித்தால் அது ஏறத்தாழ 65 செ.மீ. நீளமும் 59 செ.மீ. உயரமும் 27 செ.மீ. அகலமும் கொண்ட சிறு பொதியாகிவிடும். கைப்பிடி முன்சக்கரத்தின் பக்கமாகச் சாய்ந்து அப்பொதிக்குள் அடங்கும். தண்டு அளவுக்கு மீறி நீண்டிருந்தால் கைப்பிடியின் நுனி நிலத்தில் இடிக்கும். இக்காரணத்தால், கைப்பிடியை விரும்பியவாறு ஏற்றி இறக்கும் வசதி இதில் இல்லை. அதற்கு ஈடாகப் பல வகைக் கைப்பிடிகள் வந்தன. ‘எஸ்’ வகை நேரானது, தாழ்ந்தது. ‘எம்’ வகை மேல்நோக்கி வளைந்தது, நடுத்தர உயரமுடையது. ‘எச்’ வகை அதனினும் ஏறத்தாழ 6 செ.மீ. உயர்ந்தது. மேலும் கீழுமாக இரண்டு இடங்களில் பிடிக்கத்தக்க ‘பி’ வகையும் வெளிவந்தது.

இயற்பியலாளர் டேவிட் ஹான் 1982ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டாஹோன் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனத்தின் பல வண்டிகளில் தண்டு, ஒரு குழாய்க்குள் மற்றொரு குழாய் நுழைந்த அமைப்பாக உள்ளது. உட்குழாயை மேலே இழுத்தால் கைப்பிடி உயரும். கீழே அழுத்தினால் தாழும். காலையில் தந்தையும் மாலையில் மகளும் ஒரே வண்டியை ஓட்டும் வீட்டிற்கு இது ஏற்றது. ஆனால், பகுதி கூடும்தோறும் எடையும் கூடும். இறுக்கிப் பார்க்கவேண்டிய இடமும் ஒன்று மிகும். இத்தகைய உட்குழாயில் ஓர் எல்லைக்கோடு பொறிக்கப்பட்டிருக்கும். அக்கோடு வெளியே தெரியுமாறு குழாயை உயர்த்தலாகாது. உயர்த்தினால், உள்ளே எஞ்சியிருக்கும் சிறு பகுதி ஓட்டுநரின் விசையைத் தாங்காமல் குழாய் முறியக்கூடும்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் இருக்கையின் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். மிதிகட்டை மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது, அதன்மீது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதன் பின்னரே கைப்பிடியைப் பார்க்க வேண்டும். புதிதாக ஓட்டப் பழகுவோர், கைப்பிடியை இருக்கையின் உயரத்திலோ அதற்குச் சற்று மேலாகவோ வைத்துத் தொடங்கலாம். முழங்கைகள் சற்றே மடங்கியிருப்பதும் தோள்கள் இறுகாமல் இருப்பதும் சரியான உயரத்தின் அறிகுறிகள். பழைய கைப்பிடியை மாற்றி உயரமான ஒன்றைப் பொருத்தினால், பிரேக்கின் கம்பிகள் போதிய நீளம் உடையனவா என்றும் பார்க்க வேண்டும். நீளம் குறைந்தால், கைப்பிடியைத் திருப்பும்போது கம்பி இழுபடும்.

வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. கால் நீள நீள இருக்கையை உயர்த்துகிறோம். அப்போது, யாரும் தொடாமலேயே, இருக்கையை நோக்கக் கைப்பிடி தாழ்ந்துவிடுகிறது. சென்ற ஆண்டு பொருந்திய வண்டி இவ்வாண்டு முதுகை வருத்துவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். வலித்தால் உடலைக் குறை கூறாமல், உயரத்தை மீண்டும் அளந்து பார்ப்பதே அறிவுடைமை.

சொற்பொருள்

மின்தூக்கி – லிஃப்ட்
கீல் – மடங்கித் திரும்ப உதவும் இணைப்பு
நெம்பு – இறுக்கவும் தளர்த்தவும் உதவும் பிடி
பொதி – மூட்டை, கட்டு
விசை – தள்ளும் அல்லது இழுக்கும் ஆற்றல்

வினாக்கள்

1. மடிக்கும் மிதிவண்டிக்கு நீண்ட தண்டு தேவைப்படுவது ஏன்?
2. பிராம்ப்டன் வண்டியில் கைப்பிடியை ஏற்றி இறக்கும் வசதி இல்லாததற்குக் காரணம் யாது?
3. எல்லைக்கோட்டிற்கு மேல் உட்குழாயை உயர்த்தினால் நேரும் தீங்கு யாது?
4. உம் வீட்டில் உள்ள அல்லது நீவிர் கண்ட ஒரு மிதிவண்டியின் இருக்கை உயரத்தையும் கைப்பிடி உயரத்தையும் அளந்து, அவை ஓட்டுபவருக்குப் பொருந்துகின்றனவா என ஐந்து தொடர்களில் எழுதுக.