ஏலத்தில் காய்ப்பிடிப்பு: மழையும் தேனீயும்

ஏலச் செடியில் சரம் நிறையப் பூத்தும் காய் குறைவாக இருந்தால், உரம் போதவில்லை என்றே பலர் எண்ணுகின்றனர். பல தோட்டங்களில் குறை உரத்தில் இல்லை. பூவுக்குத் தேனீ வராததே காரணம்.

ஏலப்பூ ஒரு நாள் பூ. விடியற்காலையில் மலரும், மறுநாள் வாடி உதிரும். ஆண், பெண் உறுப்புகள் ஒரே பூவில் இருந்தாலும், சூல்முடி மகரந்தப்பைக்குச் சற்று மேலே அமைந்திருப்பதால் மகரந்தம் தானாகப் போய் ஒட்டுவதில்லை. காற்றாலும் பயனில்லை. தேன் குடிக்க நுழையும் தேனீயின் உடலில் ஒட்டிக்கொண்டுதான் மகரந்தம் சேர வேண்டும். நன்றாகச் சேர்ந்த பூவில் விதை கூடும், காய் திரண்டு வரும்.

சிக்கல் எங்கே என்றால், ஏலம் அதிகமாகப் பூப்பது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. இடுக்கி மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் காலமும் அதுவே. அடைமழையில் தேனீ கூட்டை விட்டு வெளியே வராது. காலையில் இரண்டு மணி நேரம் வெயில் அடித்தால் போதும், அன்றைய பூக்களில் பெரும்பகுதி தப்பிவிடும். பூத்துக் காய் முற்ற ஏறத்தாழ நான்கு மாதம் ஆவதால், ஜூலையில் தேனீ பறக்காத நாட்களின் குறை நவம்பர் காய் எடுப்பில்தான் தெரியும். அதற்குள் காரணம் மறந்துபோகும்.

மழை மிகுந்தாலும் கேடு, தவறினாலும் கேடு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கிடைக்கும் கோடை மழையால்தான் சரம் ஓடும். 2024 கோடையில் மழை பொய்த்தபோது, இடுக்கியில் நீர் வசதியற்ற தோட்டங்களில் செடிகளே கருகின. 2018 ஆகஸ்ட் பெருமழையில் அழுகல் நோயும் மண்சரிவும் தோட்டங்களை அழித்தன. வரத்துக் குறைந்து, 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை ஏலம் போனது. கையில் காய் இல்லாதவருக்கு அந்த விலையால் என்ன பயன்?

மழையை நிறுத்த முடியாது. வெயில் அடிக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் தோட்டத்தில் தேனீ இருக்கும்படி செய்யலாம். பூக்கும் பருவத்தில் எக்டருக்கு 4 பெட்டி வீதம் அடுக்குத் தேனீ வைக்க வேண்டும். ஏக்கருக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவாகவே வரும். பெட்டியை நனையாத, காலை வெயில் படும் இடத்தில் வைத்து, தாங்கியின் கால்களை நீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. தொடர்மழை நாட்களில் சர்க்கரைப் பாகு கொடுக்காவிட்டால் தேனீக்கள் கூட்டைக் காலிசெய்து போய்விடும். மரங்களில் தங்கும் மலைத்தேனீயையும் தீ வைத்து விரட்டக் கூடாது. மழைக்கு முன்பே, மே மாதத்தில், நிழல் மரக் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடுவது நல்லது.

இவ்வளவும் செய்துவிட்டு, இலைப்பேனுக்காகக் காலை எட்டு மணிக்கு மருந்து அடித்தால் அத்தனையும் வீண். பூவில் தேனீ திரளும் நேரம் அதுவே. மருந்தை நண்பகலுக்குப் பின்தான் அடிக்க வேண்டும். தேனீ வேலி பார்த்துப் பறப்பதில்லை. ஆகவே பக்கத்துத் தோட்டக்காரர்களும் இதே நேரத்தைப் பின்பற்றும்படி பேசி வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் அடித்தே தீர வேண்டியவர் முதல் நாளே சொல்லிவிட்டால், பெட்டி வைத்திருப்பவர் அன்று மாலை இருட்டியதும் வாசலைக் காற்றோட்டமுள்ள வலையால் அடைத்து, மருந்து காய்ந்த பிறகு திறந்துவிடலாம்.